கவிதைக் கைமாற்று

போச்சம்பள்ளி என்று கைபேசியில் தட்டித் தேடினால் பட்டுச் சேலைதான் வருகிறது. அது தெலங்கானாவில் இருக்கும் போச்சம்பள்ளி. இக்கத் நெசவுக்குப் பெயர் போன ஊர்; 1951இல் வினோபா பாவேயின் பூதான இயக்கம் பிறந்ததும் அங்கேதான். நான் சொல்ல வந்த போச்சம்பள்ளி நம்முடைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூடும் பெரிய சந்தை, மாந்தோப்புகள், புளியமரங்கள், இப்போது சிப்காட் தொழிற்பேட்டை, விடியற்காலையில் பெண்களை ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ்கள், இவ்வளவும் உள்ள ஊர். என் தம்பி குடும்பம் அங்கே இருப்பதால் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது போய் வருகிறேன்.

யூட்யூபுக்கு இந்த ஊர் தெரியாமலில்லை. நாலைந்து சேலைக் கடைகளைத் தாண்டிப் போனால், நம் சந்தையில் ஆடு விலை பேசுவதை யாரோ எடுத்துப் போட்ட படம் கிடைக்கும். ஆனால் தாண்டிப் போக வேண்டும். தேடுகிறவனுக்கு என்ன வேண்டும் என்று அந்த இயந்திரம் அவனைக் கேட்பதில்லை. அவனைப்போல் தேடிய லட்சம் பேர் எதைப் பார்த்தார்கள் என்று கணக்குப் பார்த்து, அதையே எடுத்து நீட்டிவிடுகிறது. பெரும்பாலோருக்குச் சேலைதான் வேண்டியிருக்கிறது. அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. கவிதைக்கும் இதே கதிதான் நேருகிறது என்பதால் இதை முதலில் சொன்னேன்.

கவிதைப் படம் என்று ஒரு தினுசு இப்போது நிறைய வந்துகொண்டிருக்கிறது. ஒரு கவிதையை ஒருவர் படிக்கிறார், அல்லது அதன் எழுத்து திரையில் ஓடுகிறது. கூடவே படம் நகர்கிறது. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம், அவ்வளவுதான். சினிமாப் பாட்டு அல்ல. கவியரங்கத்தைப் படம் பிடித்ததும் அல்ல. படமும் கவிதையும் சேர்ந்து ஒரு மூன்றாவது பொருளாக வேண்டும் என்பது இதன் லட்சியம். லட்சியம் எத்தனை பேருக்குக் கைகூடுகிறது என்பது வேறு விஷயம்.

ஆசை புதிதல்ல. 1921இல் பால் ஸ்ட்ராண்ட், சார்ல்ஸ் ஷீலர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் நியூயார்க் நகரத்தைப் படம் பிடித்து, நடுநடுவே வால்ட் விட்மனின் அடிகளை எழுத்தில் காட்டி ‘மன்ஹாட்டா’ என்று ஒரு சிறு படம் செய்தார்கள். 1928இல் பாரிஸில் மான் ரே, ராபேர் தெஸ்னோஸின் கவிதை ஒன்றிலிருந்து நட்சத்திர மீன் என்ற பெயரில் ஒரு படம் எடுத்தார். 1936இல் பிரிட்டிஷ் தபால் இலாகாவின் படப் பிரிவு, கடிதங்களைச் சுமந்து இரவில் ஓடும் ரயிலைப் பற்றி ‘நைட் மெயில்’ எடுத்தது. அதற்கு ஆடன் கவிதை எழுதினார்; பெஞ்சமின் பிரிட்டன் இசையமைத்தார். சக்கரம் ஓடுகிற ஓட்டத்துக்குத் தகுந்தபடி அடிகளை ஆடன் அளந்து அமைத்தார் என்பதும், படத்தோடு ஒட்டாத அடிகளை ஈவிரக்கமில்லாமல் வெட்டிவிட்டார்கள் என்பதும் எனக்குப் பிடித்த செய்திகள். கவிஞன் தன் அடியை வெட்டச் சம்மதித்தான். அதனால்தான் அந்தப் படம் இன்றும் ஓடுகிறது.

நம்மிடம் 1947இல் ஏவி.எம்.மின் ‘நாம் இருவர்’ வந்தது. பாரதியின் பாட்டுக்களை டி. கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடினார். புத்தகத்தில் பாரதியைப் பார்த்திராத எத்தனையோ பேருக்கு அந்தக் கொட்டகை இருட்டில்தான் பாரதி கிடைத்தார். மூன்று வருஷம் கழித்து, 1950இல், சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்தை ‘பொன்முடி’ என்று எடுத்தது, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார். காவியத்திலிருந்து கதையைத்தான் திரைக்குக் கொண்டுவர முடிந்தது என்பது என் அபிப்பிராயம். கவிதை புத்தகத்திலேயே தங்கிவிட்டது. இதில் டங்கனுடைய குற்றம் எதுவும் இல்லை. மூன்று மணி நேரத்தை நிரப்பக் கதைதான் வேண்டும், கவிதை போதாது.

2005இல் யூட்யூப் வந்த பிறகு அந்த மூன்று மணி நேரத்தின் கட்டாயம் போயிற்று. ஸ்டூடியோ வேண்டாம், விநியோகஸ்தர் வேண்டாம், கொட்டகை வேண்டாம். பெர்லினில் 2002 முதல் ‘ஸீப்ரா’ என்ற பெயரில் கவிதைப் படங்களுக்கென்றே விழா நடக்கிறது. தில்லியில் ‘ஸாதோ’ என்ற அமைப்பும் அப்படி விழா நடத்தியிருக்கிறது. ஆனால் விழாவுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? சாதாரண வாசகன் இவற்றைச் சந்திக்கிற இடம் அவன் கையிலிருக்கும் கண்ணாடிச் சில்லுதான்.

அதில் நான் பார்த்தவற்றில் முக்கால்வாசி எனக்குப் பிடிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கவிதை நிலா என்றால் படத்தில் நிலா. கவிதை மழை என்றால் ஜன்னல் கண்ணாடியில் மழை. கவிதை தனிமை என்றால் கடற்கரையில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறாள். கவிஞன் ஒரு தடவை சொன்னதைப் படம் பிடித்தவர் மறுபடி சொல்கிறார். வயலின் மூன்றாம் தடவை சொல்கிறது. வாசகனுக்குச் செய்ய வேலையே இல்லை. கோனார் உரை படிப்பது போல இருக்கிறது. பரீட்சை ஒன்றுதான் பாக்கி.

2010இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுக்கு மு. கருணாநிதி எழுதி, ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்து, கௌதம் மேனன் படமாக்கிய பாட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது ஊர்வலம், ஊர்வலத்துக்கு உரிய கம்பீரம் அதற்கு உண்டு. சங்கப் பாட்டின் அடியும் குறளும் அந்தத் தேரில் ஏறி நம்மைக் கடந்து போகின்றன. நாம் கை தட்டுகிறோம். ஆனால் தேரில் போகிறவரோடு யாரும் உட்கார்ந்து பேச முடியாது. கவிதைப் படத்திடம் நான் எதிர்பார்ப்பது உட்கார்ந்து பேசுகிற அந்தப் பேச்சை.

இந்த மனநிலையில்தான் சென்ற முறை போச்சம்பள்ளிக்குப் போயிருந்தேன். தம்பி மகள் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. அவளும் ஒரு கவிதைப் படம் எடுத்து யூட்யூபில் போட்டிருக்கிறாள் என்று தம்பி மனைவி சொன்னாள். பெருமையாகச் சொன்னாளா, புகாராகச் சொன்னாளா என்று தெரியவில்லை. உறவுக்காரப் பிள்ளைகளின் படைப்புகளைப் பார்க்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது எழுத்தாளர்களுக்கு ஒரு பழைய சங்கடம். அந்த முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு கைபேசியை வாங்கினேன்.

அவள் எடுத்துக்கொண்டது குறுந்தொகையின் ஆறாம் பாட்டு. பதுமனார் பாடியது. நாலே அடி. நடு இரவு, ஊர் பேச்சடங்கித் தூங்குகிறது, உலகமெல்லாம் தூங்குகிறது, தூங்காதவள் நான் ஒருத்திதான் என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள். ஏன் தூங்கவில்லை என்பதற்குப் பாட்டில் ஒரு வார்த்தை கிடையாது. கல்யாணத்துக்குப் பொருள் தேடத் தலைவன் பிரிந்து போயிருக்கிறான் என்பதைப் பின்னால் வந்தவர்கள் எழுதிய குறிப்பிலிருந்துதான் தெரிந்துகொள்கிறோம்.

படம் இரண்டு நிமிஷத்துக்குச் சற்று அதிகம். இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸின் உள்பக்கம். பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்குகிறார்கள். துப்பட்டாவால் முகத்தை மூடியிருக்கிறார்கள். கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டைகள் பஸ்ஸின் ஆட்டத்துக்கு ஆடுகின்றன. வெளியே வெளிச்சம் வந்து வந்து போகிறது. அவள் குரல், பால்கணக்கு ஒப்பிப்பது போலச் சாதாரணமாக, பாட்டை ஒரு தடவை சொல்கிறது. பிறகு ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. ஒரு புளியமரத்தடியில் பஸ் நிற்கிறது. ஒருத்தி தூக்கக் கலக்கத்தோடு இறங்குகிறாள். மொபெட் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் காத்திருக்கிறார். பஸ் நகர்கிறது. பாட்டு மறுபடி ஒரு தடவை. படம் முடிந்துவிட்டது.

தயாராக வைத்திருந்த முகம் எனக்குப் பயன்படவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னேன்.

விழித்திருக்கும் ஒருத்தியை அந்தப் படம் காட்டவேயில்லை என்பது இரண்டாம் தடவைதான் எனக்கு உறைத்தது. பஸ்ஸில் எல்லோரும் தூங்குகிறார்கள். அப்படியானால் பாட்டில் தூங்காத அந்த ஒருத்தி எங்கே? படம் பிடித்துக்கொண்டிருப்பவள்தான் அவள். இன்னொன்றும் தோன்றிற்று. பழைய பாட்டில் பொருள் தேடப் போனவன் ஆண்; வீட்டில் விழித்திருந்தவள் பெண். இந்த பஸ்ஸில் பொருள் தேடப் போனவளும் விழித்திருப்பவளும் ஒருத்தியே. பாட்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், பாட்டு சொல்லாமல் விட்ட இடத்தில் தன் ஊரைக் கொண்டுபோய் வைத்துவிட்டாள் அந்தப் பெண். கடற்கரையும் இல்லை, நிலாவும் இல்லை. பதுமனாருக்கு இது பிடித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

1953இல் நியூயார்க்கில் கவிதையும் சினிமாவும் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. மாயா டெரன் என்ற படக்காரி அதில் ஒரு கருத்தைச் சொன்னார். நாடகம் ஒரு சம்பவத்திலிருந்து அடுத்த சம்பவத்துக்குப் படுக்கைவாட்டில் நகர்கிறது. கவிதை ஒரே கணத்துக்குள் செங்குத்தாக இறங்குகிறது என்றார். கூட்டத்திலிருந்த கவிஞர் டிலன் தாமஸ் அதைக் கேலி செய்து சிரிப்பு மூட்டினார். சிரிப்பு அடங்கிப் பல வருஷமாகியும் டெரன் சொன்னது நிற்கிறது. எங்கள் பஸ் பத்து மைல்தான் போகிறது. ஆனால் படம் அந்தப் பத்து மைலில் ஓடவில்லை. கிணற்றில் வாளி இறங்குவது போல ஒரே ராத்திரிக்குள் இறங்குகிறது.

இதைப் புரிந்துகொள்ள நியூயார்க் வரை போகவும் வேண்டாம். கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம் நடுகற்களின் பூமி. அரசினர் அருங்காட்சியகங்களில் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வயல் வரப்பில் இன்னும் நிற்பவையும் உண்டு. எழுத்துள்ள ஒரு நடுகல்லைப் பாருங்கள். எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு, இறந்தவன் யார், எந்த மாட்டுப் பூசலில் பட்டான் என்று எழுத்து சொல்லும். வில்லும் வாளும் பிடித்து நிற்கும் ஆளையும் உடம்பில் தைத்த அம்பையும் சிற்பம் காட்டும். அம்பைப் பற்றி எழுத்து பேசாது. பெயரைப் பற்றிச் சிற்பம் பேசாது. ஒன்று சொன்னதை மற்றது சொல்லாமல், ஒரே கல்லில் இரண்டும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் அக்கம்பக்கமாக இருந்துவருகின்றன. கவிதைப் படம் எடுக்கிறவர்கள் ஒரு நாள் வரப்பில் இறங்கி அந்தக் கல்லின் முன்னால் நின்றுவிட்டு வருவது நல்லது.

குறை இல்லாமலில்லை. படம் முழுவதும் அடியில் ஒரு வயலின் அழுதுகொண்டிருந்தது. இலவசமாகக் கிடைக்கும் சரக்கு. இன்னொன்று, பாட்டு எது, யார் பாடியது என்ற விவரமே இல்லை.

“எப்படி இருக்குதுங்க பெரியப்பா?” என்று கேட்டாள்.

“ரொம்ப நன்றாக இருக்கிறது. அந்த ஃபிடிலை எடுத்துவிடு” என்றேன்.

“ஃபிடில் இல்லைன்னா பத்து செகண்டுகூடப் பார்க்க மாட்டாங்க.”

“பாடினவர் பெயரையாவது போடலாமே?”

“பதுமனார்னு போட்டா, பரீட்சைக்கு மனப்பாடம் பண்ற செய்யுள்னு தள்ளிட்டுப் போயிடுவாங்க. பேர் இல்லாம இருந்தா, இது யாரோ நம்ம மாதிரிப் பொண்ணு சொல்றதுன்னு கேப்பாங்க.”

இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. அவள் சொன்னதில் உண்மை இருக்கிறது. சங்கப் பாட்டைப் பாடப்புத்தகத்தில் அடைத்துப் பயமுறுத்தி வைத்தது நாம்தான். அந்தப் பயத்திலிருந்து பாட்டை விடுவிக்க, பெயரையே கழற்றிப் போட வேண்டியிருக்கிறது. என்றாலும் என் மனம் ஒப்பவில்லை. இருக்கிற பெயரைக் கழற்றுவதற்கும் தொலைந்த பெயருக்கு வருந்துவதற்கும் வித்தியாசம் இல்லையா? குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்குச் சில பாட்டுக்களைப் பாடியவர் யார் என்று தெரியவில்லை. அவர்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. பாட்டில் இருந்த ஓர் அழகான சொற்றொடரை எடுத்து அதையே கவிஞருக்குப் பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் என்பவர்கள் அப்படிப் பெயர் பெற்றவர்கள். பெயர் தெரியாதவருக்கே பெயர் வைத்த மரபு நம்முடையது என்றேன். அவள் சிரித்தாள், ஒப்புக்கொண்ட சிரிப்பு அல்ல.

இனி அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் கதை. முதல் வாரம் 61 பேர். அதில் பாதி எங்கள் குடும்பம். யூட்யூபின் கணக்கு அப்படிப்பட்டது. 2012 முதல், எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு அது அதிக மதிப்புக் கொடுத்து வருகிறது. வியாபாரத்துக்கு அது நியாயம்தான். ஆனால் நாலு அடிப் பாட்டு எவ்வளவு நேரத்தைக் கொடுக்க முடியும்? இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு ஒருவன் கைபேசியைக் கீழே வைத்து, இருட்டைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தால், கவிதைக்கு அதுதான் வெற்றி. இயந்திரத்துக்கு அது நஷ்டம். 2020இல் இந்தியாவில் வெள்ளோட்டம் விட்ட குறும்படத் துண்டுகளில் மட்டும் எனக்கு ஒரு சின்னச் சமாதானம் உண்டு. அவை முடிந்ததும் தாமாகவே மறுபடி தொடங்குகின்றன. குறுந்தொகைப் பாட்டையும் மறுபடி படிக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் கட்டைவிரல் அதற்குள் அடுத்ததைத் தள்ளிவிடுகிறதே!

அப்படியானால் படம் எப்படிப் பரவிற்று? மனிதர்கள் மூலமாகத்தான். அதே பஸ்ஸில் போகும் ஒரு பெண், திருப்பூரில் விடுதியில் இருக்கும் தன் அக்காவுக்கு அனுப்பினாள். அக்கா தன் அறைத் தோழிகளுக்கு அனுப்பினாள். அவர்கள் யார் யாருக்கோ. ஒரு மாசம் கழித்து, தம்பி மகளுக்கே அந்தப் படம் வேறொரு கைபேசியிலிருந்து வந்து சேர்ந்தது. மேலே ஒரு வரி எழுதியிருந்தது: பாரதியார் கவிதை.

பாவம், பாரதி! தமிழில் அநாதையாகத் திரியும் கவிதைகளெல்லாம் அவர் வீட்டுத் திண்ணையில்தான் படுத்துக்கொள்கின்றன. இதில் ஒரு விந்தையும் உண்டு. பாரதியின் பாட்டை யார் பாடலாம், யார் படத்தில் சேர்க்கலாம் என்ற உரிமை ஒரு காலத்தில் தனியார் கையில் இருந்தது. பலர் போராடிக் கேட்டு, 1949இல் சென்னை அரசு அவருடைய படைப்புகளின் உரிமையை ஏற்றது. பிறகு அவை எல்லோருக்கும் பொதுவாயின. இன்று யார் வேண்டுமானாலும் பாரதி பாட்டைப் படமாக்கலாம் என்றால் அது அன்று பெற்ற உரிமை. பாட்டைத்தான் பொதுவாக்கினோம், பாடியவரின் பெயரை யாரும் பொதுவாக்கவில்லை.

தம்பி மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குத் தொலைபேசியில் அழைத்துப் பொரிந்து தள்ளினாள்.

“நான் ராத்திரி முழுக்கக் கண்ணு முழிச்சு எடுத்தது பெரியப்பா. என் பேரும் இல்ல, அவர் பேரும் இல்ல.”

“உன் படம் ஊரெல்லாம் சுற்றி வந்திருக்கிறதே, சந்தோஷமில்லையா?” என்றேன்.

“சந்தோஷந்தாங்க. ஆனா எங்கேயோ ஒரு பொண்ணு இதைக் கேட்டுட்டு, இவர் இன்னும் என்ன பாடியிருக்கார்னு தேடினா, தப்பான வீட்டுக்கில்ல போய்ச் சேருவா?”

நான் மணிக்கணக்கில் வாதாடிப் புரியவைக்க முடியாததை அந்த ஒரு வரி அவளுக்குப் புரியவைத்துவிட்டது. அவள் சொன்னதையே விமர்சனமாக ஏற்றுக்கொள்கிறேன். கவிதையின் பெயரும் கவிஞனின் பெயரும் மரியாதைக்காக ஒட்டும் சீட்டு அல்ல. அடுத்த பாட்டுக்கு வழி அது. அந்த வழியை அடைத்துவிட்டுப் பாட்டை மட்டும் பரப்புகிறவன், நடுகல்லில் எழுத்தைச் சுரண்டிவிட்டு வில் பிடித்த ஆளை மட்டும் விட்டுவைக்கிறவன்.

நம் பக்கத்தில் கைமாற்று என்று ஒரு வழக்கம் உண்டு. பத்திரம் இல்லை, வட்டி இல்லை. தெரிந்தவன் தெரிந்தவனுக்குக் கொடுக்கிறான். யார் கொடுத்தார் என்ற ஞாபகம் ஒன்றுதான் அதற்கு ஜாமீன். கவிதை தமிழில் அப்படித்தான் கை மாறி வந்திருக்கிறது. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடினார். எந்த ஏடு யார் வீட்டில் கிடைத்தது என்பதைத் தம் பதிப்புகளின் முன்னுரைகளில் நன்றியோடு எழுதி வைத்தார். குறுந்தொகையை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் முதலில் அச்சேற்றினார். 1937இல் ஐயர் பதிப்பு வந்தது. பதுமனாரின் நாலு அடி அந்தக் கைகளையெல்லாம் தாண்டி ஒரு கம்பெனி பஸ்ஸில் ஏறியிருக்கிறது. நடுவில் ஒரு கை பெயரை நழுவவிட்டிருந்தாலும், அது நம்மிடம் பதுமனார் பாட்டாக வந்திருக்காது.

ஆகவே வாசகர்களுக்கு நான் சொல்வது சிறிய விஷயம். உங்கள் கைக்கு ஒரு நல்ல கவிதைப் படம் வந்தால், அதை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவதற்கு முன் யார் பாடியது, யார் எடுத்தது என்று இரண்டு பெயரை எழுதுங்கள். இது உங்களுக்குப் பிடிக்கும் என்று எனக்கு ஏன் தோன்றியது என்று ஒரு வரியும் எழுதுங்கள். லட்சம் பேர் பார்த்தார்கள் என்று இயந்திரம் சொல்லும். உனக்காக எடுத்து வைத்தேன் என்று அதனால் சொல்ல முடியாது. அதை மனிதன்தான் சொல்ல வேண்டும். சந்தையில் மாம்பழக்காரர் கத்தி முனையில் ஒரு கீற்றை நீட்டி, இது இன்னார் தோட்டத்துப் பழம் என்கிறாரே, அந்த அளவு போதும். பழத்துக்கு அவர் உரை சொல்வதில்லை.

தம்பி மகள் படத்தைத் திருத்தி மறுபடி போட்டிருக்கிறாள். கடைசியில் குறுந்தொகை, ஆறாம் பாட்டு, பதுமனார் என்று வருகிறது. அதன் கீழே அவள் பெயர். ஃபிடிலைப் பாதியில் நிறுத்திவிட்டாள்; முதல் பாதியில் இன்னும் அழுகிறது. பத்து செகண்ட் பயம் முழுவதும் போகவில்லை போலும். பஸ் புளியமரத்தடியில் நிற்கும்போது இப்போது இன்ஜின் சத்தம் மட்டும் கேட்கிறது. நான் அதை மூன்று நண்பர்களுக்கு அனுப்பியிருக்கிறேன், ஆளுக்கு ஒரு வரி எழுதி. ஒருவர் பதில் போட்டிருக்கிறார்: பதுமனாரின் வேறு பாட்டு இருக்கிறதா என்று கேட்டு.